ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தால் கிரீச்சென்று ஒரு பக்கம் சாயும். யாரோ எப்போதோ இரண்டு அங்குல ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அந்த ஆணி துருப்பிடித்து, சட்டமும் பிளந்து, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

ஏன் ஆடுகிறது? சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி சீவியிருக்கும் கழுந்து, காலில் உள்ள துளைக்குள் உட்கார்ந்திருக்கும். வேலூர் வெயிலில் கழுந்து சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். வருஷக்கணக்கில் இதே கதை என்றால் பசை விட்டுவிடும். ஆக, வேலை பசையில்தான்.

நாற்காலியைக் கவிழ்த்து, இரண்டிரண்டு கால்களாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடும் இணைப்பின் இரு பக்கமும் சாக்பீஸால் ஒரே எண்ணைப் போடுங்கள். சட்டங்கள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இடம் மாறினால் சரியாக உட்காராது. இறுக்கமாக இருப்பதைத் தொடவே வேண்டாம்.

பிரிக்கும் முன் இணைப்பின் மேல் மிளகு அளவில் வட்டப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். அது மூங்கில் ஆணி. பின்பக்கமிருந்து தட்டி எடுங்கள். பின்பக்கம் தெரியாவிட்டால் மெல்லிய துளையிட்டு எடுக்க வேண்டும். நான் கவனிக்காமல் இழுத்து, பாதிக் கழுந்தை உடைத்தேன். ஆணி வந்தபின் காலை ஒரு கையில் பிடித்து, சட்டத்தைக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், மெதுவாகத் தட்டினால் போதும்.

அடுத்தது சுரண்டுவது. அலுப்பான வேலை, ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. பழைய நாற்காலி என்றால் பெரும்பாலும் வச்சிரம் போட்டிருப்பார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. தோல் பதனிடும் ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகிவிடும். மழுங்கிய உளியால் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மரத்தைச் சீவிவிடாதீர்கள், கழுந்து இன்னும் மெலியும். நிழலில் ஒரு நாள் காயட்டும். சித்திரை வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும்.

பசையில்லாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்காதீர்கள், அது நிற்காது. தச்சுப் பட்டறையில் தேக்கு இழைப்புச் சீவல் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். அதைக் கழுந்தின் கன்னத்தில், அதாவது தட்டையான பக்கத்தில், ஒட்டி, காய்ந்தபின் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளலாம். கையால் தள்ளினால் பாதி போய், தட்டினால் முழுதும் போக வேண்டும். அதுதான் பதம்.

அப்புறம் துளையிலும் கழுந்திலும் ஃபெவிகால் தடவி மாட்டுங்கள். கால்களைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இறுகும். கயிறு படும் இடத்தில் பழைய துணி வையுங்கள், பாலிஷ் கெடாது. பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்து, சமதளத் தரையில் நிறுத்தி நான்கு காலும் படிகிறதா பாருங்கள். படியாவிட்டால் பசை ஈரமாக இருக்கும்போதே அழுத்தித் திருத்த வேண்டும்.

24 மணி நேரம் கயிற்றை அவிழ்க்காதீர்கள். மழைக்காலம் என்றால் இன்னொரு நாள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நாற்காலியைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.