பழைய வான்படங்களை ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வான்படங்களை, அதாவது விமானத்திலிருந்து நிலத்தைப் பிடித்த பழைய படங்களை, மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "இது ஸ்கேன் பண்ண வேண்டியது. அது டூப்ளிகேட், சார்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி இரண்டு குவியல் போட்டவன்தான் நானும். கையுறை போடுங்கள், தூசி தட்டுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

டூப்ளிகேட் என்று ஒதுக்குவது

நூலகத்தில் பழகிய கண்ணுக்கு ஒரே புத்தகத்தின் இரண்டாம் பிரதி உறுத்தும். வான்படங்களைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம்தான் முந்திக்கொள்கிறது. 41ஆம் படத்தில் இருக்கும் குளம் 42இலும் இருக்கிறதே, எதற்கு இரண்டு?

நில அளவைக்குப் பறந்த விமானிகள் வேண்டுமென்றே அப்படி எடுத்தார்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் நிலத்தில் சுமார் 60 சதவீதத்தை மறுபடி காட்டும். விமானம் ஒரு நேர்கோட்டில் போய் எடுத்த படங்கள் ஒரு பறப்பு வரிசை. பக்கத்துப் பறப்பு வரிசையோடு சுமார் 30 சதவீதம் பொருந்தும். ஒரே இடத்தை இரண்டு புள்ளிகளிலிருந்து பார்த்தால்தான் மேடு பள்ளம் தெரியும். நம் இரண்டு கண்களும் செய்கிற வேலைதான் இது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மெட்மென்ஹாமில் உட்கார்ந்து ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகளுக்கான ஏவுதளங்களைத் தேடியவர்கள் இப்படிப்பட்ட ஜோடிகளைத்தான், இரண்டு படங்களை ஒரே முப்பரிமாணக் காட்சியாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு முப்பரிமாண நிலத்தோற்றம் கட்டித்தரும் மென்பொருளும் இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஸ்கேன் செய்ய வந்தவர் படத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார். இருந்த பணம் பாதிக்குத்தான் காணும். ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஓர் இடம் விடாமல் வந்துவிட்டது என்று பெருமை வேறு. அடுத்தடுத்த படங்கள் 60 சதவீதம் பொருந்தினால், ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கும்போது மிஞ்சுவது 20தான். மீதி நிலத்துக்கெல்லாம் ஒற்றைக்கண் பார்வை.

சில வருடம் கழித்து ஓர் ஆய்வு மாணவி வந்தார். மூடிப்போன கல்குவாரி ஒன்று அந்தக் காலத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது என்று கணக்கிட வேண்டுமாம். குவாரி 41இல் இருக்கிறது, 43இல் இல்லை. 42ஐ எடுத்துவிடலாம் என்று தகர டப்பாவைத் திறந்தால் குப்பென்று வினிகர் வாடை. அசிட்டேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அசிட்டிக் அமிலம் வெளியேறும். அந்த அமிலமே கெடுவதை இன்னும் விரட்டும். அடித்தளம் சுருங்கி, மேலிருந்த படலம் கழன்று வரிவரியாக மடிந்துகிடந்தது. "பரவாயில்லை, சார்" என்று அந்தப் பெண் கிளம்பிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணம் போதாதென்றால் ஒரு பறப்பு வரிசையை முழுதாக எடுங்கள். அடுத்த வரிசையை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். வரிசைக்குள் கை வைக்காதீர்கள்.

ஓரத்தை வெட்டுவது

கறுப்பு ஓரம் அசிங்கமாக இருக்கிறதாம். மூலைகளிலோ பக்கங்களின் நடுவிலோ இருக்கும் சின்னக் குறிகளை வைத்துத்தான் படத்தின் மையத்தைப் பிடிக்க முடியும். பல கேமராக்கள் கடிகாரம், உயரமானி, படத்தின் எண், லென்ஸின் குவியத் தூரம் எல்லாவற்றையும் அந்த ஓரத்தில்தான் பதிக்கும். 152 மில்லிமீட்டர் லென்ஸ், தரைக்கு மேல் 3,040 மீட்டர் என்று தெரிந்தால் அளவுவிகிதம் 1:20,000 என்று உடனே சொல்லலாம். ஓரம் போனால் ஊகம்தான்.

டிபிஐயை வாய்க்கு வந்தபடி சொல்வது

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் எடுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. 1:20,000 படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் ஒரு பிக்சல் தரையில் சுமார் 85 சென்டிமீட்டர், 1200இல் 42. மாட்டுவண்டித் தடம் தெரிய வேண்டுமா, வயல் வரப்பு போதுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். 9 அங்குலச் சதுரப் படம் 1200 டிபிஐயில், 8 பிட் கறுப்பு வெள்ளையில், அமுக்காமல் வைத்தால் சுமார் 117 எம்பி. ஆயிரக்கணக்கான படங்கள் என்றால் வட்டுக்குப் பணம் யார் தருவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நெகட்டிவ் நல்ல நிலையில் இருக்கும்போது அச்சுத்தாளை எடுத்து 2400 போடுவது வீண். தாளின் இழைதான் பெரிதாகத் தெரியும்.

பறப்பு வரைபடத்தைக் கடைசிக்கு வைப்பது

எந்த எண் படம் எந்த இடத்தில் எடுத்தது என்று காட்டும் வரைபடம் அது. அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அது இல்லாமல் 42 வெறும் எண்.

மெழுகுப் பென்சில் கோடுகளைத் துடைப்பது

படத்தை முன்பு பயன்படுத்தியவர்கள் அதன் மேல் போட்ட குறிப்புகள் அவை. முதலில் கோடுகளோடு ஒரு ஸ்கேன். துடைப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசலாம்.

ஜேபெக் மட்டும் வைத்துக்கொள்வது

ஜேபெக் கோப்பைச் சுருக்கும்போது கொஞ்சம் விவரத்தை விட்டுவிடும். விவரம் விடாமல் வைக்கும் டிஃப் எங்கே?

நைட்ரேட் ஃபிலிமைத் தெரியாமல் ஸ்கேனரில் வைப்பது

அது தீப்பிடிக்கும். ஓரத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்காமல் 1950க்கு முந்தைய எந்தச் சுருளையும் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சந்தேகம் இருந்தால் டப்பாவை மூடிவிட்டு, ஃபிலிம் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.