மாநிலம் தாண்டும் ஆக்குபேஷனல் தெரபி: ஒப்பந்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதத்துக்குப் பின் சட்டைப் பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் திரும்பப் பழகும் ஒருவர், குளிர்காலத்தைக் கழிக்க வேறு மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். வீடியோ வழியாகப் பயிற்சி தொடர்கிறது. ‘நான் என் அறையில்தானே இருக்கிறேன்’ என்று, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நினைத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் மிக எளிதாக நேரும் தவறு இதுதான். நோயாளி இருக்கும் மாநிலத்தில்தான் சிகிச்சை நடப்பதாகச் சட்டம் கொள்கிறது. அங்கே பணிபுரியும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

இதற்காகவே மாநிலங்களுக்கு இடையே ஓர் உரிம ஒப்பந்தம் இருக்கிறது. 10 மாநிலங்கள் சட்டம் இயற்றியதும், 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 30-க்கும் அதிகமான மாநிலங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் செவிலியர் ஒப்பந்தத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே குழம்பிவிடுகிறார்கள். செவிலியருக்கு ஒரே உரிமம் பல மாநிலங்களில் செல்லும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களான நமக்கு அப்படியில்லை. போகும் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி பெற வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும்; அந்த மாநிலம் கேட்டால் அதன் சட்டத் தேர்வையும் எழுத வேண்டும். அனுமதி கைக்கு வருமுன் நோயாளியைப் பார்ப்பது உரிமமின்றித் தொழில் செய்வதே.

சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறிய செய்தியைப் படித்துவிட்டு வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சேர்ந்த மாநிலம் அனுமதி வழங்கத் தொடங்கக் காலம் பிடிக்கும். கைரேகைச் சரிபார்ப்பு உட்படப் பல ஏற்பாடுகளை அது முதலில் முடிக்க வேண்டும்.

உங்கள் அடிப்படை உரிமம் இருக்க வேண்டிய ‘தாய் மாநிலம்’ என்பதை வேலை செய்யும் இடம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஓட்டுநர் உரிமம், வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம் போன்ற ஆவணங்கள் எங்கே வசிப்பதாகக் காட்டுகின்றனவோ, அதுவே தாய் மாநிலம். எல்லா அனுமதிகளும் தாய் மாநிலத்தின் அந்த ஓர் உரிமத்தில்தான் தொங்குகின்றன. அது காலாவதியானால் அனுமதிகளும் போகும். அதன்மீது ஒழுங்கு நடவடிக்கையால் கட்டுப்பாடு விழுந்தால், எல்லா மாநில அனுமதிகளும் ஒருசேரப் பறிபோகும். கட்டுப்பாடு நீங்கி 2 ஆண்டுகள் கழிந்த பிறகே மறுபடி கேட்கலாம். புதுப்பிக்கும் தேதியை மறப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர்களை மேற்பார்வையிடுபவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. உதவியாளர் வேற்று மாநிலத்தில் பணிபுரிந்தால், மேற்பார்வையிடுபவரும் அந்த மாநிலத்தின் உரிமத்தையோ அனுமதியையோ வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் படித்து, எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தம் தொழில் உரிமத்தை மட்டுமே தொடுகிறது. குடியேற்றச் சட்டத்தைத் தொடுவதில்லை. பணியிடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால், நிறுவனம் பொதுவாகத் திருத்திய விசா மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அனுமதிக்கு விண்ணப்பிக்குமுன் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். நோயாளியிடம் பயணத் தேதியையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்; அனுமதி அதற்குள் வராது என்று தெரிந்தால், மகளின் ஊரிலேயே உரிமம் உள்ள ஒருவரிடம் பயிற்சிக் குறிப்புகளோடு அவரை ஒப்படைக்க அவகாசம் கிடைக்கும்.