ரஸ்ட் கம்பைலர் அடம்பிடிக்கும்போது செய்யக்கூடாதவை

ரஸ்ட் நிரல்மொழியில் எழுதுபவர்கள் என்றாவது ஒருநாள் இதில் முட்டிக்கொள்வார்கள். கீ-மதிப்பு ஜோடிகளைச் சேமிக்கும் ஹாஷ்மேப்பில் ஒரு கீயைத் தேடுகிறோம். இருந்தால் அதன் மதிப்புக்கான ரெஃபரன்ஸைத் (நகல் அல்ல, அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி) திருப்பித் தருகிறோம். இல்லையென்றால் புதிதாகச் சேர்த்துவிட்டுத் தருகிறோம். கெட்_மியூட்டில் தேடல், மேட்ச்சில் பிரித்துப் பார்த்தல், நன் (‘இல்லை’) கிளையில் இன்சர்ட். அவ்வளவுதான். ஆனாலும் இ0499 பிழை வந்து நிற்கும்: ஒரே நேரத்தில் இரண்டு மியூட்டபிள் கடன் (மாற்றும் உரிமையோடு ரெஃபரன்ஸ் எடுப்பது) கூடாதாம்.

இங்கே தப்பு நம்மிடம் இல்லை. ரெஃபரன்ஸ் ஃபங்ஷனை விட்டு வெளியே போவதால், எல்லாக் கிளையிலும் கடன் கடைசிவரை இருக்கிறது என்று கம்பைலரில் கடன்களைச் சரிபார்க்கும் பாரோ செக்கர் கணக்குப் போடுகிறது. 2018 டிசம்பரில் ரஸ்ட் 1.31 பதிப்போடு வந்த என்எல்எல் (கடன் எதுவரை நீடிக்கிறது என்பதை இன்னும் நுட்பமாகக் கணக்கிடும் முறை) பல தலைவலிகளைத் தீர்த்தது, இதைத் தீர்க்கவில்லை.

உடனே கை போவது க்ளோனுக்கு, அதாவது நகலெடுக்க. நானும் அப்படித்தான். சொற்களை எண்ணும் சின்ன நிரல். எண்ணிக்கை இருந்த ஸ்ட்ரக்டை க்ளோன் செய்தேன், கம்பைலர் அடங்கியது. ஓடவிட்டால் எல்லாச் சொல்லுக்கும் பூஜ்யம்! கூட்டியதெல்லாம் நகலில், மேப்பில் இருந்தது அப்படியே கிடந்தது.

ரெஃப்செல் என்ற உறைக்குள் போட்டு மூடினால் அதே கடன் சோதனை ரன்டைமுக்குத் தள்ளிப்போகிறது, தவறினால் பேனிக், நிரல் நின்றுவிடும். கம்பைலரின் சில காவல்களைத் தாண்டிப்போகும் அன்சேஃப் இன்னும் மோசம். இன்று சரியாக ஓடும். நாளை யாரோ நடுவில் ஒரு இன்சர்ட் சேர்ப்பார்கள், மேப் பெரிதாகி மதிப்புகள் வேறு இடத்துக்குப் போகும், நம் பாயின்டர் பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கும். கம்பைலர் வாயே திறக்காது.

தேடுவதையும் இல்லாவிட்டால் சேர்ப்பதையும் சேர்த்தே செய்ய ஹாஷ்மேப்பில் என்ட்ரி இருக்கிறதே, அதை எடுங்கள். கூடவே, கீ இல்லாதபோது மட்டும் மதிப்பை உருவாக்கும் ஆர்_இன்சர்ட்_வித். வெறும் ஆர்_இன்சர்ட் என்றால், கீ ஏற்கெனவே இருந்தாலும் புது மதிப்பை ஒவ்வொரு முறையும் உருவாக்கும். என்ட்ரியிலும் ஒரு சிக்கல்: கீயைச் சொந்தமாகக் கேட்கும். கையில் இருப்பது ஸ்ட்ரிங் ஸ்லைஸ் (சொந்தமில்லாத, கடனாக வந்த எழுத்துத் துண்டு) என்றால் தேடலுக்குத் தேடல் ஒரு புது ஸ்ட்ரிங். அடிக்கடி ஓடும் லூப்பில் நான் கன்டெய்ன்ஸ்_கீ பார்த்து, இல்லாவிட்டால் சேர்த்து, அப்புறம் கெட்_மியூட் போடுகிறேன். இரண்டு முறை தேடுகிறது, பார்க்க அழகில்லை, போகட்டும்.

ஆனால் பெரிய தவறு, எல்லா இ0499-ஐயும் கம்பைலர் தலையில் கட்டுவது. ரெஃபரன்ஸைக் கையில் வைத்துக்கொண்டே இன்சர்ட் செய்து, பிறகும் அதைத் தொட்டால் அது நிஜமான பிழை. சந்தேகமாக இருந்தால் நைட்லி (சோதனைப் பதிப்பு) கம்பைலரில், பாரோ செக்கரின் புது வடிவமான பொலோனியஸுக்குரிய ஃபிளாகைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் மறுத்தால், அனேகமாக உங்கள் நிரலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.