14 கோர் இருந்தும் விளையாட்டு ஏன் திணறுகிறது? சர்வர் பிராசசரா, கேமிங் பிராசசரா என்று முடிவு செய்யும் முறை

பங்குனி மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி தன் கணினிப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு காரைக்குடியில் என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, என்னிடம் இருப்பது 14 கோர் பிராசசர். என் நண்பனிடம் 6 கோர்தான். அதே விளையாட்டு அவனிடம் தண்ணீர்போல ஓடுகிறது. என்னிடம் விக்கி விக்கி ஓடுகிறது" என்றான். பெட்டியைத் திறந்து பார்த்தேன். இணையத்தில் யாரோ விற்ற பழைய சர்வர் பிராசசர், அதாவது ஒரே நேரத்தில் பலருக்குச் சேவை செய்யும் பெரிய கணினிகளுக்கானது. அதில் ஒரு பழுதும் இல்லை. அது செய்யப் பிறந்த வேலை வேறு, அவன் கொடுத்த வேலை வேறு. ஓராண்டு விடுமுறைகளில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. அவன் முகம் வாடியதைப் பார்த்த அன்றே இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல்முறையாகக் கணினி வாங்குபவருக்காக எழுதுகிறேன். பிராசசர் என்பது கணினியின் மூளை, கோர் என்பது அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒரு கை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதற்கு முன்பே பாதி முடிவு அந்தத் தாளில் வந்துவிடும்.

படி 1: ஒரு வாரத்து வேலையை எழுதுங்கள்

எந்தப் பிராசசர் நல்லது என்ற கேள்வியை ஒதுக்கி வையுங்கள். இந்தக் கணினியில் எந்த வேலைகள், நாளுக்கு எத்தனை மணி நேரம் நடக்கப்போகின்றன என்று மட்டும் எழுதுங்கள். "மாலையில் 3 மணி நேரம் விளையாட்டு, சனி, ஞாயிறு கல்யாண வீடியோ எடிட்டிங்" என்பதுபோல் இருக்க வேண்டும். "எல்லாவற்றுக்கும்" என்று எழுதினால் அந்தத் தாளால் பயன் இல்லை.

படி 2: உங்கள் வேலை பங்கு போடக் கூடியதா என்று பாருங்கள்

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை இறக்கி, வண்ண சிமெண்ட் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே கலவையை நிரப்பிச் சமன் செய்கிறார்கள். பிறகு காய வேண்டும், தண்ணீரில் ஊற வேண்டும், மறுபடி வெயிலில் காய வேண்டும். பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் ஒரு நாளில் பத்து மடங்கு கல் கிடைக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கல், அதுவும் அவசரமாக என்றால், பத்துப் பேர் சுற்றி நின்று பயன் இல்லை. ஊற்றிய பிறகுதான் தூவ முடியும், தூவிய பிறகுதான் நிரப்ப முடியும். அங்கே வேண்டியது ஒரு விரைவான கை.

விளையாட்டு என்பது அந்த ஒற்றைக் கல். திரையில் நொடிக்கு 60 படம் வர வேண்டுமானால், ஒரு படத்தைத் தயாரிக்கப் பிராசசருக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. 144 படம் வேண்டும் என்றால் 7 மில்லிநொடிகூட இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்தியது, எதிரி நகர்ந்தது, மோதலைக் கணக்கிட்டது, கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை அனுப்பியது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலைகள் அதில் நிறைய. கொஞ்சம் பங்கு போடலாம், முழுவதையும் போட முடியாது. சர்வரின் வேலையோ ஆயிரம் கல். ஓர் இணையதளத்துக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால், ஒருவருடைய கோரிக்கை இன்னொருவருடையதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அங்கே கோர்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் வேலை உண்டு.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. பாதி பிரிக்க முடியாதது என்றால் இரண்டு மடங்கைத் தாண்டாது.

உங்கள் வேலை எந்த வகை என்று இப்போதுள்ள கணினியிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். பிறகு உங்கள் வேலையை ஓடவிட்டுக் கால் மணி நேரம் கவனியுங்கள். எல்லாக் கட்டங்களும் உச்சியில் நின்றால் அது ஆயிரம் கல் வேலை. ஒன்றிரண்டு மட்டும் தவித்துக்கொண்டு மற்றவை தரையில் கிடந்தால் ஒற்றைக் கல் வேலை. பள்ளத்தூர்த் தம்பியின் கணினியில், கோருக்கு இரண்டு வீதம் 28 கட்டங்கள். விளையாட்டு ஓடும்போது பெரும்பாலானவை சும்மா கிடந்தன. அதைக் கண்ணால் பார்த்த பிறகு நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

படி 3: விவரப் பட்டியலில் எந்த வரிகளைப் படிக்க வேண்டும்

மூன்று பிராசசர்களை எடுத்துக்கொள்வோம்.

ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் வந்தது. 8 கோர், பூஸ்ட் வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேச் 96 எம்பி, வெப்ப அளவு 120 வாட். இது விளையாட்டுக்காகவே செய்தது.

ஏஎம்டி எபிக் 9654, 2022 நவம்பரில் வந்த சர்வர் பிராசசர். 96 கோர், பூஸ்ட் வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேச் 384 எம்பி, 360 வாட்.

இன்டெல் ஜியான் இ5-2680 வி4, 2016-இல் வந்தது. 14 கோர், டர்போ வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், கேச் 35 எம்பி, 120 வாட். பழைய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த வகை.

முதலில் பூஸ்ட் வேகத்தைப் பாருங்கள். கோர் எட்டக்கூடிய உச்ச வேகம் அது, இன்டெல் அதை டர்போ என்கிறது. ஒற்றைக் கல் வேலைக்கு இதுதான் கையின் வேகம். ஆனால் 2016-இன் ஒரு கிகாஹெர்ட்ஸும் 2024-இன் ஒரு கிகாஹெர்ட்ஸும் சமம் அல்ல. புதிய கோர் ஒரு துடிப்புக்குள் அதிக வேலையை முடித்துவிடும். எனவே 3.3-க்கும் 5.2-க்கும் உள்ள உண்மையான இடைவெளி அந்த எண்கள் காட்டுவதைவிடப் பெரியது.

அடுத்து கேச், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, விரைவான நினைவகம். பிராசசருக்கு வெளியே உள்ள ரேம் என்ற பெரிய நினைவகத்திலிருந்து தகவல் வர கேச்சைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அதுவரை கோர் கைகட்டி நிற்கும். விளையாட்டுகள் நினைவகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுவதால் பெரிய கேச் அவற்றுக்கு வரம். அப்படியானால் 384 எம்பி வைத்திருக்கும் எபிக் அல்லவா ஜெயிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த 384 எம்பி 12 சில்லுகளில் 32, 32 எம்பியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கோர் உடனே எட்டிப் பிடிக்கக்கூடியது தன் சில்லில் உள்ள 32 எம்பியைத்தான். 9800எக்ஸ்3டியில் 8 கோரும் 96 எம்பியைச் சேர்ந்து பயன்படுத்துகின்றன. மொத்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

சர்வர் பிராசசர் ஜெயிக்கும் வரிகளும் உண்டு. எபிக் 9654-இல் நினைவகத்துக்கு 12 பாதைகள், மேசைக் கணினியில் 2. கார்டுகளும் வட்டுகளும் பிராசசரோடு பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் எபிக்கில் 128, ரைசனில் நாம் பயன்படுத்தக் கூடியவை 24. ஒரு கிராபிக்ஸ் கார்டு 16 எடுத்துக்கொள்ளும், எஸ்எஸ்டி என்ற விரைவான வட்டு ஒன்று 4. விளையாடுபவருக்கு 24 போதும். நான்கு கிராபிக்ஸ் கார்டும் இருபது வட்டும் மாட்ட வேண்டியவருக்குப் போதாது.

படி 4: பிழை திருத்தும் ரேம் வேண்டுமா?

நினைவகத்தில் எப்போதாவது ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல், தானாகவே புரண்டுவிடும். இசிசி என்ற பிழை திருத்தும் ரேம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சரிபார்ப்புப் பிட்டுகளைக் கூடுதலாக வைத்து, ஒரு பிட் தவறினால் திருத்தும், இரண்டு தவறினால் கண்டுபிடித்துச் சொல்லும். விளையாட்டில் ஒரு பிட் புரண்டால் ஓர் இலையின் நிறம் மாறும், மிஞ்சினால் விளையாட்டு நின்றுபோகும். மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.

தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டில் நிலை வேறு. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதங்களையும் பழைய கணக்குப் பேரேடுகளையும் ஸ்கேன் செய்து பாதுகாக்க விரும்பினார்கள். தாள்கள் தொட்டால் உதிர்கின்றன, இன்னொரு முறை ஸ்கேன் செய்ய முடியாது. வட்டில் எழுதப் போகும் நேரத்தில் ரேமில் பிட் புரண்டால், கெட்டுப்போன படம் நல்ல படம்போல் சேமிக்கப்பட்டுவிடும், யாருக்கும் தெரியாது. அங்கே இசிசி கட்டாயம் என்று சொன்னேன். அந்த வீட்டு ஆச்சி, "அப்படியானால் பெரிய சர்வர் வாங்க வேண்டுமா, தம்பி?" என்று கேட்டார்கள். வேண்டியதில்லை. ரைசன் பிராசசர்கள் பலவற்றில், பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகையான மதர்போர்டும் ஒத்துழைத்தால் இசிசி வேலை செய்யும். ரைசனைப் பொருத்தும் ஏஎம்5 சாக்கெட்டிலேயே (பிராசசர் உட்காரும் இடம்) பொருந்தும் எபிக் 4004 வரிசையை ஏஎம்டி 2024-இல் கொண்டுவந்தது. இன்டெல் பக்கம் டபிள்யூ680 சிப்செட் உள்ள போர்டுகள் இருக்கின்றன. இசிசி ரேம் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது, இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஒரு கவனம்: சர்வர்களில் இருக்கும் ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண மேசைக் கணினியில் வேலை செய்யாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

படி 5: பிராசசரைச் சுற்றி என்னென்ன வாங்க வேண்டும் என்று கூட்டுங்கள்

பழைய சர்வர் பிராசசர் மட்டும் மலிவு. அதற்கான மதர்போர்டு எளிதில் கிடைக்காது, கிடைப்பவற்றில் பல தயாரிப்பாளர் பெயரே தெரியாதவை, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குப் புதுப்பிப்பும் வராது. ஜியான் இ5 வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையே ஒளிராது. வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இன்டெல் மேசைக் கணினிப் பிராசசர்கள் பலவற்றில் உள்ள, வீடியோவை விரைவாக மாற்றித் தரும் குயிக் சிங்க் வசதியும் அதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் வி4 ஜியான் இல்லை. லினக்ஸ் போடுபவருக்கு இது பிரச்சினை இல்லை.

விற்பவர் படத்தில் பிராசசரின் மூடியில் "கான்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி. விட்டுவிடுங்கள்.

படி 6: மின்கட்டணமும் வெயிலும்

100 வாட் இழுக்கும் ஒரு சர்வர் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், 60 நாளில் 144 யூனிட். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே விழுங்கிவிடும். 400 வாட் இழுக்கும் கேமிங் கணினி நாளுக்கு 3 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட்தான். உங்கள் தாளில் எழுதிய மணி நேரத்தைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

கணினியை மூலை அறையில் பூட்டி வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் நம் ஊர் அறைக்குள் கணினியும் சேர்ந்து சூடு கக்கினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய வீடாக இருந்தால் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய, காற்று வந்துபோகும் இடம் நல்லது. ஆனால் ரேக்கில் மாட்டும் உண்மையான சர்வர் என்றால் அந்த இடமும் ஆகாது. அதன் சிறிய விசிறிகள் போடும் இரைச்சல் வளவு முழுக்க ஒலிக்கும், மதியத் தூக்கம் யாருக்கும் இருக்காது.

படி 7: தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

விளையாட்டு மட்டும் என்றால் 6 அல்லது 8 கோர் உள்ள புதிய மேசைக் கணினிப் பிராசசர், மீதிப் பணம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்கு. விளையாட்டும் கல்யாண வீடியோவும் என்றால் 12 அல்லது 16 கோர் மேசைக் கணினிப் பிராசசர். ரைசன் 9 9950எக்ஸ் போன்றவை 16 கோரும் 5.7 கிகாஹெர்ட்ஸ் பூஸ்ட்டும் சேர்த்தே தருகின்றன. இரவு பகலாகப் பல மெய்நிகர்க் கணினிகள், ஆராய்ச்சிக்கான சிமுலேஷன், நூற்றுக்கணக்கான ஜிபி ரேம் என்று தாளில் இருந்தால் மட்டும் சர்வர் பக்கம் போங்கள். அப்படிப்பட்ட வேலைக்குச் சர்வர் பிராசசருக்கு இணை கிடையாது. பள்ளத்தூர்த் தம்பியின் 14 கோரை லினக்ஸில் சிமுலேஷன் ஓட்டும் ஓர் ஆராய்ச்சி மாணவர் வாங்கிக்கொண்டார், 28 கட்டங்களும் இப்போது நிரம்பி நிற்கின்றன. தம்பி தன் கிராபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டு 6 கோருக்கு மாறிவிட்டான்.

படி 8: வாங்கிய அன்றே சோதியுங்கள்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பிராசசரின் பெயரும் கோர் எண்ணிக்கையும் பில்லில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். மெம்டெஸ்ட்86 என்பதை யுஎஸ்பியில் போட்டு ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இசிசி வாங்கியிருந்தால் அது வேலை செய்கிறதா என்பதையும் அந்தத் திரை காட்டும். காலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கே ரேமை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுவரை பில்லையும் அட்டைப் பெட்டியையும் பத்திரமாக வைத்திருங்கள்.