இசை நூலகர் சங்கமொன்றின் ஆண்டு வேலையை வன்னியில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

அமெரிக்க இசை நூலகச் சங்கம் 1931 இலும், பன்னாட்டு இசை நூலகச் சங்கம் 1951 இலும் தோன்றின. ஆண்டுக்கூட்டம், பட்டியலாக்கம், வெளியீடு என்பனவே இத்தகைய சங்கங்களின் வழமையான வேலைகள். வன்னியில் இவ்வாறு கூட விரும்பும் நூலகர்கள் சங்கத்தின் யாப்பை (விதிகளை) எழுதுமுன் நாட்காட்டியை வரைவது நல்லது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டிய வாரங்களை ஒலிப்பதிவுக்கு ஒதுக்குங்கள். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் சம்மதத்துடன் கோவலன் கூத்தைப் பதிவுசெய்து, ஒவ்வொரு பாட்டின் முதலடி, பாத்திரம், பாடியவர், இடம், நாள் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிடுங்கள்; ‘கூத்துப் பாட்டு’ என்று மட்டும் எழுதப்பட்ட பெட்டி பின்னர் எவருக்கும் உதவாது.

மாரி தொடங்குமுன் பழைய ஒலிநாடாக்களைப் பரிசோதிக்க வேண்டும். நாடாவின் விளிம்பில் வெண்பூஞ்சை தெரிந்தால் அதை ஓடவிடாது தனியே வையுங்கள். தளர்ந்த நாடாவைப் பென்சிலைச் சக்கரத்தில் செருகி மெதுவாக இறுக்கி, மேல்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதியாது. பின்னர் 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத கோப்பாக எண்ணிமப்படுத்துங்கள்.

அக்கோப்பின் இரு பிரதிகளில் ஒன்றைக் கிளிநொச்சியிலும் மற்றதை வவுனியாவிலும் வையுங்கள். இடம்பெயர்ந்து பழகிய நமக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. ஆண்டுக்கூட்டத்தைக் காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடை முடிந்தபின் வைத்தால் ஆட்கள் வருவார்கள்.