சீன எழுத்தும் கணினியும்: வரலாற்றைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன எழுத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உள்ள உறவை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் தாமஸ் முல்லானி, சீனத் தட்டச்சுப்பொறி குறித்து 2017-இல் வெளியிட்ட நூலில் ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். அந்த ஆய்வைப் படிக்கத் தொடங்குபவர், ஆயிரக்கணக்கான விசைகள் கொண்ட பூதாகரமான இயந்திரம் என்ற கற்பனையை முதலில் கைவிட வேண்டும். அது அமெரிக்கப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் பரப்பிய படிமம். ஷாங்காயின் கமர்ஷியல் பிரஸ் என்ற பதிப்பகம் விற்ற தட்டச்சுப்பொறியில் விசைப்பலகையே கிடையாது. ஏறத்தாழ 2,500 உலோக அச்செழுத்துகள் ஒரு தட்டில் அடுக்கப்பட்டிருக்கும். வேண்டியதைத் தேடி நெம்புகோலை அழுத்துவதே தட்டச்சரின் வேலை.

1950களில் தட்டச்சர்கள் அகராதி வரிசையைக் கைவிட்டு, அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளை அருகருகே வைத்துக்கொண்டனர். அடுத்த சொல்லை ஊகித்துத் தரும் வசதி கணினியோடுதான் பிறந்தது என்று எழுதுவோர் இந்த உழைப்பாளர்களின் அறிவை மறந்துவிடுகிறார்கள்.

சீன எழுத்தாளர் லின் யூடாங் 1947-இல் காட்சிப்படுத்திய 72 விசைத் தட்டச்சுப்பொறி சந்தைக்கு வரவில்லை என்பதால், அதைத் தோல்வி என்று ஒதுக்குவதும் பிழையே. அதில் இரு விசைகளை அழுத்தினால் எழுத்து அச்சாகாது; பொருத்தமான எழுத்துகள், அதிகபட்சம் எட்டு, சிறு சாளரத்தில் தோன்றும், அவற்றில் ஒன்றை எண் விசையால் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைய சீன உள்ளீட்டு முறைகளின் அடிப்படை இதுதான்.

தமிழர் எளிதில் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழ் பெறுவதும், சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை வழியாகச் சீனம் பெறுவதும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். நமக்கு ஒலி தெரிந்தால் எழுத்து பெரும்பாலும் தெரிந்துவிடும்; சீனத்திலோ 'ஷி' என்ற ஓரொலிக்கே பல பத்து எழுத்துகள் உள்ளன, ஆகவே தேர்வு இல்லாமல் எழுத்தே இல்லை. பின்யின் ஒன்றே வழி என்பதும் சரியல்ல. வாங் யோங்மின் 1983-இல் உருவாக்கிய ஊபி முறை, ஒலியை விடுத்து எழுத்தின் வடிவத்தைக் கூறுகளாகப் பிரிக்கிறது.

சிக்கல் முழுவதும் விசைப்பலகையில் இருந்ததாகக் கருதுவதும் தவறு. எழுத்துகளைக் கணினியில் குறிக்கச் சீனா 1980-இல் வகுத்த தரக்குறியீட்டில் 6,763 சீன எழுத்துகள் இருந்தன. ஒவ்வொன்றையும் 16-க்கு 16 புள்ளிகளில் வரைந்தாலே 32 பைட் வேண்டும், மொத்தம் இரண்டு லட்சம் பைட்டுக்கு மேல். அக்காலத் தனிக்கணினிகள் பலவற்றின் நினைவகம் 64 கிலோபைட்டைத் தாண்டவில்லை. அதனால்தான் சீனப் பொறியாளர்கள் எழுத்துருக்களைத் தாங்கும் தனி அட்டைகளைத் தயாரித்துக் கணினிக்குள் செருகினார்கள்.