மல்டிமீட்டர் வாங்கப் போகிறீர்களா, முதலில் ப்ரோப் செருகும் ஓட்டையைப் பாருங்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் ரூம். சப்மெர்சிபிள் எடுக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கூட வந்த தம்பி, "அண்ணே, மூணு பேஸும் வருதான்னு பாத்துடட்டா?" என்றான். நான் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "பாரு" என்று சொல்லிவிட்டேன். அவன் கையில் இருந்தது கடையில் 280 ரூபாய்க்கு வாங்கிய மஞ்சள் மீட்டர். அதற்கு முந்தின நாள் அவன் ஏதோ பேட்டரி சார்ஜரில் ஆம்பியர் பார்த்திருக்கிறான், சிவப்பு வயர் அந்த 10 ஆம்பியர் ஓட்டையிலேயே இருந்திருக்கிறது, நாபை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு இரண்டு பேஸிலும் முனையை வைத்துவிட்டான். வெடிச் சத்தம், நீல வெளிச்சம், அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். இரண்டு ப்ரோப்பிலும் முனையே இல்லை. வயர் நடுவில் உருகி அறுந்து போயிருந்தது, அவன் தப்பித்ததே அதனால்தான். விரலில் கொப்புளம், கண்ணில் அரை மணி நேரம் பச்சை பச்சையாகத் தெரிந்தது என்றான்.

வீட்டுக்கு வந்து மீட்டரைக் கழற்றிப் பார்த்தேன். 10 ஆம்பியர் ஓட்டையிலிருந்து, கறுப்பு வயர் செருகும் காம் ஓட்டைக்கு வளைந்த ஒரு தடிக் கம்பி, அவ்வளவுதான் உள்ளே. நாப் எங்கே இருந்தாலும் அந்த இரண்டு ஓட்டைக்கும் நடுவே நேர் ஷார்ட். வெளியே ஓட்டைக்குப் பக்கத்தில் 'அன்ஃப்யூஸ்டு', அதாவது ஃப்யூஸ் இல்லை, என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் நேர்மையாக அச்சடித்தே இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

மீட்டர் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எத்தனை டிஜிட், ஆட்டோ ரேஞ்ச் உண்டா, வெப்பநிலை காட்டுமா என்பதுதான். அதெல்லாம் மீட்டர் சரியாக உபயோகிக்கப்படும் நாட்களுக்கு. நீங்கள் தூக்கக் கலக்கத்தில், வேர்வை வழிய, யாரோ பக்கத்தில் நின்று அவசரப்படுத்தும்போது தப்பாக வைப்பீர்களே, அந்த ஒரு நாளைக்காகத்தான் காசு கொடுத்து நல்ல மீட்டர் வாங்குவது.

அதனால் முதலில் ஃப்யூஸ். ஃப்யூஸ் இருக்கிறதா என்பது மட்டும் போதாது, என்ன ஃப்யூஸ் என்று பார்க்க வேண்டும். மலிவு மீட்டர்களில் மில்லி ஆம்பியர் பக்கம் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் இருக்கும், 250 வோல்ட், 20 மில்லிமீட்டர் நீளம், பழைய டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வகைக்கு, அது 10 ஆம்பியர் வரைக்கும் எந்த ஃப்யூஸாக இருந்தாலும், பத்திரமாக அறுத்துக் காட்டக் கூடிய கரண்ட் சுமார் நூறு ஆம்பியரைத் தாண்டாது, சின்ன ஃப்யூஸுக்கு வெறும் 35 ஆம்பியர். அதற்கு மேல் போனால் உள்ளே கம்பி உருகும், ஆனால் கரண்ட் நிற்காது, உருகின ஆவி வழியே தீப்பொறி தொடர்ந்து ஓடும், கண்ணாடி சிதறும்.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட் பக்கத்தில் முழு லோடில் 133 ஆம்பியர் கொடுக்கும். அதன் இம்பீடன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கும் உள்தடை, நாலரை சதவீதம் என்று வைத்தால், ஷார்ட் ஆகும்போது டிரான்ஸ்ஃபார்மர் முனையில் கிட்டத்தட்ட 3000 ஆம்பியர் வரும். நடுவில் இருக்கும் கேபிள் கொஞ்சம் குறைக்கும், குறைத்தாலும் பல நூறு. அந்தக் கண்ணாடிக் குழாய் இதன் முன்னால் என்ன செய்யும்?

நல்ல மீட்டரில் இருப்பது பீங்கான் உடம்பு, உள்ளே மணல் அடைத்த ஹெச்ஆர்சி ஃப்யூஸ், பெரிய ஷார்ட் கரண்டையும் பத்திரமாக அறுக்கும் வகை. சுண்டுவிரல் மொத்தம் இருக்கும். 11 ஆம்பியர் 1000 வோல்ட், 440 மில்லி ஆம்பியர் 1000 வோல்ட் என்று எழுதியிருக்கும், பெரியது 20 கிலோ ஆம்பியர் வரை அறுக்கும். தீப்பொறி வந்ததும் மணல் உருகிக் கண்ணாடியாகி அதை அணைத்துவிடும். கடையில் மீட்டரைக் கழற்ற விடமாட்டார்கள், சரி, கையேட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்புங்கள், ஃப்யூஸ் விவரம் ஒரு வரி இருக்க வேண்டும். 250 வோல்ட் என்று இருந்தால் மெயின் போர்டு வேலைக்கு அந்த மீட்டர் வேண்டாம். எதுவுமே எழுதவில்லை என்றாலும் வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்: ஆம்பியர் ஓட்டையே இல்லாத மீட்டர். ஃப்ளூக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 101 மாடல் அப்படித்தான், காம் ஒன்று, வோல்ட் ஒன்று, இரண்டே ஓட்டை. தப்பான ஓட்டையில் செருகுவதற்கு ஓட்டையே கிடையாது. வயரிங், மோட்டார் வேலை செய்கிறவருக்கு ஆம்பியர் பார்க்க, வயரை வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் சரி, வயரை வெட்டி நடுவில் மீட்டரைப் போட்டு யார் பார்க்கிறார்கள்? எலக்ட்ரானிக்ஸ் போர்டு ரிப்பேர் செய்கிறவர்களுக்கு மில்லி ஆம்பியர் வேண்டும், அவர்கள் கதை வேறு.

அடுத்தது கேட் எண். ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே கேட் 2, கேட் 3, கேட் 4 என்று ரோமன் எண்ணில் போட்டு, கூடவே 300, 600, 1000 என்று வோல்ட்டும் போட்டிருப்பார்கள். ஐஇசி 61010 என்ற தரநிர்ணயத்திலிருந்து வருவது. பலர் இதைத் தரவரிசை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது இடத்தின் பெயர். சுவர் ப்ளக்கில் மாட்டுகிற மிக்சி, டிவி மாதிரியானவை கேட் 2. டிபி என்கிற சுவிட்ச் பெட்டி, அதில் இருக்கும் எம்சிபி, நிலையாக வயர் செய்த மோட்டார், ஸ்டார்ட்டர் எல்லாம் கேட் 3. ஈபி மீட்டர், சர்வீஸ் வயர், கம்பத்திலிருந்து வரும் லைன் கேட் 4. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிட்டே போகப் போக எண் ஏறும், ஏனென்றால் ஷார்ட் ஆனால் தள்ளி விடுகிற கரண்டும் ஏறும்.

கூட இருக்கும் வோல்ட் எண் ஏமாற்றும். நம் லைன் 230, மூன்று பேஸ் 415, அப்புறம் 600 எதற்கு என்று தோன்றும். இடி எங்கோ விழுந்தாலும், பக்கத்து மில்லில் பெரிய மோட்டார் நிறுத்தினாலும், லைனில் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு பாய்ச்சல் வரும், சில ஆயிரம் வோல்ட். கேட் 3 600 வோல்ட் மீட்டர் 6000 வோல்ட் பாய்ச்சலைத் தாங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் கேட் 2 1000 வோல்ட் மீட்டருக்கும் அதே 6000தான் சோதனை. ஆனால் கேட் 2க்கு 12 ஓம் வழியாகத் தள்ளுவார்கள், கேட் 3க்கு 2 ஓம் வழியாக. கணக்குப் போட்டால் 500 ஆம்பியர் எங்கே, 3000 ஆம்பியர் எங்கே. ஆகவே கடைக்காரர் "இது ஆயிரம் வோல்ட் சார்" என்று கேட் 2 மீட்டரை நீட்டினால், கேட் 3 600 வோல்ட் மீட்டரையே கேளுங்கள். வீட்டு வயரிங், டிபி, மோட்டாருக்கு அது குறைந்தபட்சம். ஈபி மீட்டருக்கு முந்தின பக்கம் கைவைப்பவருக்கு கேட் 4 600.

மாடியில் சோலார் போடுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 540 வாட் பேனல் ஒன்று லோடு இல்லாமல் 49, 50 வோல்ட் கொடுக்கும், எட்டைத் தொடராகக் கோத்தால் 400 வோல்ட் டிசி. ஏசியில் ஒரு வினாடிக்கு 100 தடவை வோல்ட் பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டிசியில் அது கிடையாது, பிடித்தால் பிடித்ததுதான். அங்கே 1000 வோல்ட் கேட் 3க்குக் கீழே நான் போகமாட்டேன்.

இதில் ஒரு சங்கடம், கேட் 3 என்று யார் வேண்டுமானாலும் பிளாஸ்டிக்கில் அச்சடிக்கலாம். அச்சடிக்கிறார்கள். சிஇ முத்திரை பெரும்பாலும் தயாரித்தவர் தானே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. யூஎல், டியூவி, இன்டர்டெக் மாதிரி வெளியார் சோதித்த முத்திரை இருந்தால் மதிப்பு, அதையும் அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். ஃப்ளூக் வாங்கக் காசு இல்லை என்றால் நம் நாட்டுத் தயாரிப்புகளில் நாசிக்கின் ரிஷப், மோட்வானே, மும்பைப் பக்கத்து மெகோ என்று பல வருடமாகத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துவரும் பெயர்கள் இருக்கின்றன. அவர்களிடமும் எல்லா மாடலும் ஒன்றல்ல, கேட் எண்ணையும் ஃப்யூஸையும் மாடலுக்கு மாடல் பார்க்கத்தான் வேண்டும். சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் பில்லோடு, வாரண்டி அட்டையோடு கொடுக்கும் கடையாகப் பாருங்கள்.

ப்ரோப் வயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீட்டர் கேட் 3, வயர் கேட் 2 என்றால் மொத்தமும் கேட் 2தான். கையில் பிடிப்பது மீட்டரை அல்ல, வயரைத்தான். முனையில் 4 மில்லிமீட்டருக்கு மேல் உலோகம் வெளியே தெரிந்தால் டிபி வேலைக்கு ஆகாது, நெருக்கமான டெர்மினலில் சாய்ந்து இரண்டு பேஸையும் சேர்த்துவிடும். அதற்குத்தான் மூடி கொடுப்பார்கள், எல்லோரும் முதல் நாளே தொலைத்துவிடுவார்கள். செருகுகிற பக்கமும் உலோகம் வெளியே தெரியாமல் பிளாஸ்டிக் உறை சுற்றி இருக்க வேண்டும். விரலுக்குத் தடுப்பு வளையம் வேண்டும். சிலிக்கோன் வயர் என்றால் சுருட்டினாலும் விறைக்காது. கன்டினியுட்டியில், அதாவது தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரண்டு முனையையும் சேர்த்து, வயரை இங்கும் அங்கும் ஆட்டுங்கள். பீப் சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. ஓமில் வைத்தால் அரை ஓமுக்குள் காட்ட வேண்டும், 2 ஓம் 3 ஓம் என்று தள்ளாடினால் வயரைத் தூக்கிப் போடுங்கள். வயர் அறுந்திருந்தால் லைவ் லைனும் பூஜ்யம் காட்டும், அதை நம்பிக் கை வைப்பவர் கதி என்ன?

இனி நம்பகம். ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது அலை எந்த வடிவில் வந்தாலும் சரியாக அளக்கும் வசதி, தேவையா என்று கேட்பார்கள். ஈபி லைன் மட்டும் பார்க்கிறவருக்கு இல்லாவிட்டாலும் குடி முழுகாது. மலிவு இன்வெர்ட்டர், வேகம் மாற்றும் டிரைவ் ஓட்டும் மோட்டார், டிம்மர் என்று போனால் வேண்டும். சாதாரண மீட்டர் அலை வளைவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கணக்குப் போடும், சதுர அலை வந்தால் 11 சதவீதம் கூட்டிச் சொல்லும். 230 வோல்ட் இன்வெர்ட்டர் 255 காட்டுகிறது என்று போர்டை மாற்றச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும், அது நான்தான்.

பேய் வோல்ட் என்று ஒன்று உண்டு. சுவிட்ச் அணைத்த லைனில் மீட்டர் 70, 80 வோல்ட் காட்டும். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், பக்கத்து வயரிலிருந்து கசிகிற துளி கரண்டுக்கே அது துள்ளும். லோ இசட் என்ற நிலை உள்ள மீட்டர் அதைச் சில ஆயிரம் ஓமாக்கிவிடுவதால் பேய் ஓடிவிடும். பழைய ஆட்கள் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்குத்தான், முட்டாள்தனம் இல்லை அது.

எத்தனை கவுண்ட், அதாவது திரை எத்தனை வரை எண்ணும் என்பதில் நேரம் வீணாக்காதீர்கள், நம் வேலைக்கு 2000மே போதும், 6000 வசதி. பின்னொளி இருக்கட்டும், கரண்ட் போன டிபி ரூமில் அது இல்லாமல் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு நிற்க வேண்டி வரும். டபுள் ஏ, ட்ரிபிள் ஏ பேட்டரி என்றால் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். மலிவு மீட்டரில் பேட்டரி தேய்ந்தால் திரை மங்குவதற்கு முன்பே அளவு கூடுதலாகக் காட்ட ஆரம்பிக்கும், வீட்டில் 290 வோல்ட் வருகிறது என்று ஈபிக்குப் போன் செய்வதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். மெகர் வேலை, அதாவது இன்சுலேஷன் பார்ப்பது, சாதாரண மல்டிமீட்டரால் ஆகாது, அதற்குத் தனிக் கருவி.

வாங்கி வந்த பிறகு ஒரே ஒரு பழக்கம். லைனை அணைத்துவிட்டுப் பார்ப்பதற்கு முன், உயிரோடு இருக்கிற ஒரு ப்ளக்கில் வைத்து 230 வருகிறதா பாருங்கள். அப்புறம் அணைத்த லைன். அப்புறம் மறுபடி அதே ப்ளக். நடுவில் மீட்டர் செத்திருந்தால் மூன்றாவதில் தெரிந்துவிடும். ஆம்பியர் பார்த்து முடித்ததும் சிவப்பு வயரை உருவி வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும், அந்தத் தம்பி இப்போது இதை எனக்கே ஞாபகப்படுத்துகிறான்.

ஃப்யூஸ் போனால் அதே அளவு, அதே வோல்ட், அதே வகை. ஒரிஜினல் ஃப்யூஸ் விலை கேட்டால் மயக்கம் வரும், ஒரு மஞ்சள் மீட்டரே வாங்கலாம் போல இருக்கும். மீட்டர் வாங்கும்போதே ஒன்று சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் யாராவது வயரிலிருந்து ஒரு இழையை உருவிச் சுற்றிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மீட்டர் அந்த நிமிடமே 280 ரூபாய் மீட்டர்.